கீழாநெல்லியும் அமெரிக்க அணிலும்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாருக்காவது மஞ்சள் காமாலைன்னா முதல் வைத்தியம் கீழாநெல்லிதான். வரப்புல பிடுங்கி, வேரோட அரைச்சு, மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடுப்பாங்க. உப்பில்லாப் பத்தியம் வேற. இந்தச் செடி அமெரிக்க ஆய்வுக்கூடம் வரை போன கதை தெரியுமா மக்களே?

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர் பரூக் பிளம்பெர்க். பிலடெல்பியாவில் அவரும் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோரும் கீழாநெல்லிச் சாற்றை உட்சக் என்ற விலங்குக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். வளை தோண்டி வாழும் அணில் குடும்பத்துப் பிராணி அது. மனுஷ வைரஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு வைரஸ் அதுக்கும் உண்டு. புதுசா தொற்று வந்த நாலு உட்சக்குகளில் மூன்றுக்கு 3 முதல் 6 வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் அடையாளமே இல்லை! இது 1987-ல் வெளியானது.

அடுத்த வருஷமே சென்னை எஸ்.பி. தியாகராஜன் குழுவின் ஆய்வு லான்செட் இதழில் வந்தது. பிளம்பெர்க்கும் அதில் உண்டு. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்தது. வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் சிக்கல். தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தப்ப அந்தப் பலன் வரலை. வாத்துகளிலும் வைரஸ் போகலை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் அலசிய காக்ரேன் அறிக்கை, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

சீனாவின் ஆர்ட்டிமிசினினும் பழைய ஏட்டு மூலிகைதான். 1971-ல் எலிகளின் மலேரியாவை விரட்டியது. 1972-ல் தூ யூயூ குழுவினர் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்து, அப்புறம்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எங்கே சோதிச்சாலும் வேலை செய்தது. 2015-ல் நோபல். ரெண்டுமே விலங்குகிட்ட பாஸ். மனுஷன்கிட்ட திரும்பத் திரும்பச் செய்யும்போது நின்னது ஒண்ணுதான்.

அப்ப நம்மூர்ல எப்படிக் குணமாகுது? தண்ணி, சாப்பாடு வழியா வர்ற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாயிடும். பெரியவங்களுக்குப் புதுசா வர்ற பி-யும் பெரும்பாலும் அப்படித்தான். பேர் மட்டும் கீழாநெல்லிக்கு!

ஆனா பித்தப்பைக் கல்லும் கண்ணை மஞ்சளாக்கும். நாள்பட்ட பி வருஷக்கணக்கா மஞ்சளே காட்டாம ஈரலை அரிக்கும். அதுக்கு இப்ப மாத்திரை இருக்கு, வராமத் தடுக்க ஊசியும் இருக்கு. பாட்டி வைத்தியத்தை நான் கேலி பண்ணலை. மோரைக் கலக்கும் முன்னாடி டாக்டரைப் பார்த்து ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் கேக்குறேன்.