மண்டபம் மறுத்தது, மக்கள் கேட்டனர்

பிலடெல்பியா நகரில் ஓர் இசைப்பள்ளி. மாணவர்களைச் சேர்க்கும் நாள். விண்ணப்பத் தாள் பெற வரிசையில் நிற்கிறாள் ஓர் இளநங்கை. அவள் முறை வருகிறது. தாள் வழங்குபவளோ அவளைக் காணாதவள்போல் அடுத்தவரை அழைக்கிறாள், அதற்கடுத்தவரை அழைக்கிறாள். அனைவரும் சென்றபின், எஞ்சி நின்றவளிடம் என்ன வேண்டும் என்ற கேள்வி வருகிறது. தாள் வேண்டும் என்கிறாள். கறுப்பரை இங்கே சேர்ப்பதில்லை என்று விடை கிடைக்கிறது.

பாடு, கேட்போம் என்று சொன்னார்களா? இல்லை! குரலைக் கேட்குமுன்னே தோலைக் கண்டு தீர்ப்பளித்துவிட்டார்கள்.

அந்த நங்கைதான் மேரியன் ஆண்டர்சன். இருபதாம் நூற்றாண்டின் இணையற்ற பாடகியருள் ஒருவர் என்று பின்னாளில் உலகம் போற்றியவர். இசையே என் வாழ்வு, பாட்டே என் தொழில் என்று புறப்படும் இளைஞர் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது. பாட்டு பிறவியிலே வருவது, பரமன் அருளுவது, பூர்வ புண்ணியத்தால் கிட்டுவது என்று பேசிப் பழகிய நாட்டிலே, ஒரு குரல் எதனால் வளர்கிறது, எவரால் தடைப்படுகிறது என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நல்லதன்றோ?

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் பிறந்தவர் மேரியன். தந்தை பனிக்கட்டியும் கரியும் விற்றுப் பிழைத்தவர். மகள் சிறுமியாய் இருக்கும்போதே மறைந்தார். தாய் வெர்ஜீனியாவில் ஆசிரியையாய் இருந்தவர். பிலடெல்பியாவிலோ அவருக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்துக் கரும்பலகை அன்று. பிறர் வீட்டு அழுக்குத் துணி! துவைத்தார், தரை கழுவினார், மூன்று பெண்மக்களை வளர்த்தார்.

ஆறு வயதிலேயே மேரியன் தேவாலயப் பாடற்குழுவில் சேர்ந்தார். மெல்லிய குரலுக்குரிய பகுதி, கனத்த குரலுக்குரிய பகுதி என்ற வேறுபாடின்றி எல்லாப் பகுதிகளையும் கற்றுக்கொண்டார். அண்டை வீட்டுப் படிக்கட்டுகளைக் கழுவிச் சேர்த்த காசில், அடகுக்கடையில் பழைய வயலின் ஒன்றை வாங்கினார். இதில் வரம் எங்கே, வாக்கு எங்கே? உழைப்பு இருந்தது. ஓயாத பயிற்சி இருந்தது.

இசைப்பள்ளி விரட்டியது, பிறகு யார் கைகொடுத்தார்? அந்தத் தேவாலயத்தைச் சார்ந்த ஏழைக் கறுப்பின மக்களே கைகொடுத்தார்கள். நிகழ்ச்சி நடத்தினர், நிதி திரட்டினர், ஜூசப்பே போகெட்டி எனும் ஆசிரியரிடம் அவர் பயில வழி செய்தனர். மேரியன் இறைப்பற்று மிக்கவர். அதை நாம் மறைக்கவில்லை, மறைக்கத் தேவையுமில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். ஆசிரியருக்கான கட்டணம் ஆண்டவனிடமிருந்து வரவில்லை. அண்டை வீட்டாரிடமிருந்து வந்தது! நாளெல்லாம் உழைத்துச் சிவந்த கைகள், சில்லறைக் காசுகளைச் சேர்த்து ஒரு குரலை வளர்த்தன.

அதற்குப்பின் எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! 1924-இல் நியூயார்க் நகரின் டவுன் ஹாலில் மேரியன் பாடினார். இருக்கைகள் பல காலியாய்க் கிடந்தன. அயல்மொழிப் பாடல்களில் அவருக்குத் தேர்ச்சி போதாது என்று இதழ்கள் குறை கூறின. மனமுடைந்தார், பாட்டையே விட்டுவிடலாமா என்றும் எண்ணினார். ஆயினும் விடவில்லை. மறு ஆண்டு, ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்ட போட்டியில் முதலிடம் பெற்று, நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவோடு பாடினார். தாயின் உழைப்பு போதும் என்ற நிலை வந்தபோது, அவர் வேலை பார்த்த இடத்திற்குத் தொலைபேசியில் பேசி, என் தாய் இனி வேலைக்கு வரமாட்டார் என்று அறிவித்தார். வாழ்வில் மகிழ்ந்த வேளை அதுவே என்று பின்னாளில் கூறினார். பட்டங்களைச் சொல்லவில்லை, பரிசுகளைச் சொல்லவில்லை. தாயின் கையிலிருந்து துடைப்பம் விழுந்ததைச் சொன்னார்! தொழிலாகக் கொண்ட பாட்டு சோறு போடவேண்டும், சுமையை இறக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவர் உரைக்க முடியும்?

குறை என்று சொல்லப்பட்டதைக் குறை என்றே ஏற்றார். ஐரோப்பா சென்றார். பெர்லினில் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தோடு தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் மக்கள் திரண்டு கேட்டனர். பின்லாந்தின் இசைமேதை சிபேலியஸ் வரவேற்றார். 1935-இல் சால்ஸ்பர்க் நகரில் அவர் பாடக் கேட்ட டாஸ்கனீனி, நூறாண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் குரல் என்று வியந்தார். அவ்வாண்டு இறுதியில் தாயகம் திரும்பினார். கப்பலில் விழுந்து கால் முறிந்திருந்தது. நீண்ட அங்கியால் கட்டை மறைத்துக்கொண்டு, முன்பு தோற்ற அதே டவுன் ஹாலில் நின்று பாடினார். இம்முறை வென்றார்.

வென்றவருக்கு விடுதியில் இடம் கிடைத்ததா? 1937-இல் பிரின்ஸ்டன் நகரில் பாடச் சென்றபோது, கறுப்பர் என்பதால் விடுதியில் அறை மறுக்கப்பட்டது. தம் வீட்டுக் கதவைத் திறந்து அவரைத் தங்கவைத்தவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்! இனவெறியின் கொடுமையை நாஜிகளிடம் கண்டு நாடு துறந்து வந்த அறிவியல் மேதைக்கு, அமெரிக்க நிறவெறியின் முகம் புரியாதா?

1939-ஆம் ஆண்டு. தலைநகர் வாஷிங்டனில் மேரியனைப் பாடவைக்க ஹவார்டு பல்கலைக்கழகம் விரும்பிற்று. பெரிய அரங்கு கான்ஸ்டிட்யூஷன் ஹால். அதன் உரிமையாளர்கள் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' எனும் அமைப்பினர். விடுதலைப் போரில் ஈடுபட்டோரின் வழிவந்தோம் என்று குலமுறை காட்டுபவர்கள். பாட்டன் விடுதலைக்குப் போராடினான். பேத்தி கதவைச் சாத்தினாள்! மண்டபம் மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பினின்று விலகினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஏப்ரல் 9-ஆம் நாள், அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் நினைவகப் படிகளில் மேரியன் நின்றார். எதிரே 75,000 மக்கள். கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று கேட்டனர். வானொலி வழியே இலட்சக்கணக்கானோர் கேட்டனர். மண்டபம் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம் தந்திருக்கும். மறுப்போ அவர் குரலை நாடு முழுதுக்கும் கொண்டுசென்றது. 1943-இல் அதே கான்ஸ்டிட்யூஷன் ஹாலிலும் அவர் பாடினார்.

வெற்றிக் கதை என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இழப்பையும் கணக்கில் எழுதவேண்டாமா? நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கின் மேடையில், தனிப்பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினப் பாடகி மேரியன். எப்போது? 1955-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 57! குரல் கொழித்த பருவத்தில் கிட்டியிருக்க வேண்டிய மேடை, குரல் தளரும் பருவத்தில் கிட்டியது. சட்டத்தைத் திருத்தலாம், மன்னிப்பும் கேட்கலாம். பறித்த இளமையை எவரால் திருப்பித்தர முடியும்? கதவைச் சாத்தி வைப்போர், உள்ளே வராதவருக்குத் திறமை இல்லை என்று பின்னர் சொல்வதுதான் பெருங்கொடுமை.

கடல் கடந்த கதைதானே என்று நாம் வாளாவிருக்க முடியுமா? 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் பாடியதற்கு எழுந்த கூச்சலும், அதைச் சாடிக் 'குடி அரசு' ஏட்டில் கலைஞர் தீட்டிய 'தீட்டாயிடுத்து' கட்டுரையும் நம் வரலாறு. அங்கே தோலைக் காட்டித் தடுத்தனர். இங்கே பாடுவோன் தாய்மொழியையே தீட்டென்றனர். அங்கே நினைவகப் படி மேடையாயிற்று. இங்கே 1943-இலேயே சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, தமிழுக்கென்றே மேடை தந்தது.

பாட்டைத் தொழிலாக ஏற்கத் துணியும் இளைஞனே, இளநங்கையே! குரல் கடவுள் கொடை என்று காத்திராதே, பயில். குறை சொன்னால் கூசாதே, திருத்திக்கொள். பாடும் மொழியின் பொருளறிந்து பாடு. கூலி கேட்க நாணாதே. அது உன் உழைப்பின் விலை.

பாடத் தெரியாத நமக்கும் பணி உண்டு. நம் தெருவிலே, நம் சேரியிலே, பாடத் துடிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் குலம் என்ன என்று கேட்கும் வழக்கம் ஒழியட்டும். கட்டணத்திற்கு என்ன குறைகிறது என்று கேட்போம். ஆளுக்கொரு காசு தருவோம். பிலடெல்பியாவின் ஏழைகளால் முடிந்தது, நம்மால் முடியாதா?