பினாங்கு – சென்னை விமானப் பயணம்: கெடா மக்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்?

சுங்கைப்பட்டாணி: தமிழ்நாட்டில் உறவினர் இறந்த செய்தி இரவில் வந்தால், தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எடுப்பதற்குள் போய்ச் சேர முடியுமா?" என்பதுதான். விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். கேஎல்ஐஏவிலிருந்து சுமார் 2,630 கிலோமீட்டர். வித்தியாசமான 260 கிலோமீட்டரைக் கடக்க விமானத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

உண்மையான வித்தியாசம் சாலையில்தான் இருக்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து கேஎல்ஐஏ செல்ல ஏறக்குறைய 400 கிலோமீட்டர். காரில் ஐந்து மணி நேரம், பெருநாள் காலத்தில் அதற்கும் மேல். பாயான் லெப்பாசுக்கோ பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரம். கூலிம், லூனாஸ், பாடாங் செராய் மக்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அலோர் ஸ்டாரில் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து இந்தியாவுக்கு விமானம் இல்லை.

இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21 அன்று சென்னை – பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. சாலையில் ஒரு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, வானில் மூன்றரை மணி என்று கூட்டினால் ஏழரை மணி நேரம். கேஎல்ஐஏ வழியாகப் போனால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

ரஜூலா, பின்னர் சிதம்பரம் கப்பல்களில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போன தலைமுறைக்கு இது நாள்கணக்கான பயணம். தந்தி வந்து கிளம்பினால் கருமாதிக்குக்கூடப் போய்ச் சேருவது நிச்சயமில்லை. 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது.

டிக்கெட்டில் உள்ள நேரம் பலரைக் குழப்புகிறது. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே இருப்பதால், காலை 10.30க்குப் புறப்பட்டு மூன்றரை மணி நேரம் பறந்தாலும் சென்னையில் மணி 11.30தான். திரும்பி வரும்போது அதிகாலை 2 மணிக்குக் கிளம்பினால், பினாங்கில் இறங்கக் காலை 8 மணியைத் தாண்டிவிடும். தேதியிலும் கவனம் தேவை. 15ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதமாகப் போய் டிக்கெட்டை இழப்பது இப்படித்தான்.

விசா இல்லாதவருக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே மின்விசா பெற வேண்டும். ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தோரோ உள்ளவர்கள் கடப்பிதழ் காலாவதித் தேதியை இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

சொந்த ஊர் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் என்றால் முடிவு மாறலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் சுமார் 330 கிலோமீட்டர். பினாங்கில் மிச்சப்படுத்திய நேரம் அங்கே போய்விடும். அவர்கள் கேஎல்ஐஏவிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நேரடி விமானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விமான அட்டவணை அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் நாளில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும்.