தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் (யூத மரபு)

இறைவன் எல்லா இனங்களிலிருந்தும் இஸ்ரவேலரைத் தமக்கெனத் தெரிந்துகொண்டார் என்பது யூத நம்பிக்கை. இதை இனச்செருக்கு என்று பழிப்போர் உண்டு. எபிரேய வேதமோ இதை உடன்படிக்கையாகவும் அதன் சுமையாகவுமே பேசுகிறது.

ஆபிரகாமுக்கு வந்த அழைப்பிலேயே (ஆதியாகமம் 12) பூமியின் எல்லாக் குடும்பங்களுக்குமான ஆசியும் சேர்ந்திருக்கிறது. சீனாய் மலையடியில் நிபந்தனை வருகிறது: உடன்படிக்கையைக் காத்தால்தான் அவர்கள் ஆசாரிய ராஜ்யம். அவர்கள் பெருங்கூட்டம் என்பதால் அல்ல, இறைவனின் அன்பாலேயே இது நேர்ந்தது என்கிறது உபாகமம் 7. கானானிய இனங்களை அழிக்கச் சொல்வதும் அதே அதிகாரம்தான் என்பதை மறைக்கலாகாது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், தெக்கோவா ஊர் மேய்ப்பரான ஆமோஸ், தெரிவு செய்யப்பட்டதாலேயே தண்டனையும் உண்டு என்று முழங்கினார். பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் பழைய மண்ணிலிருந்து அழைத்து வந்தவரும் அதே இறைவன்தான் என்றார். ஏசாயாவின் பிற்பகுதி இஸ்ரவேலைப் பிற இனங்களுக்கு ஒளி என்றது.

யார் யாரைத் தெரிந்துகொண்டார் என்பதில் யூத மத அறிஞர்களான ரபிகளிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில், இறைவன் தமது வேதச்சட்டமான தோராவைப் பல இனத்தாரிடம் கொண்டுபோகிறார்; கொலை கூடாது, களவு கூடாது என்றதும் ஒவ்வொருவராக மறுக்க, இஸ்ரவேலர் மட்டும் ஏற்கிறார்கள். ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதிலுள்ள மற்றதில், சீனாய் மலையையே பீப்பாய்போல் அவர்கள் தலைக்குமேல் கவிழ்த்து, ஏற்காவிட்டால் இங்கேயே புதைகுழி என்கிறார். மரபு இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் வழிகள் பிரிந்தன. ஸ்பெயினின் கவிஞர் யூதா ஹலேவி, ‘குசாரி’ என்ற தம் நூலில், இத்தகுதி பரம்பரையாய் வருவது, மதம் மாறி வந்தவர் பிறவி யூதருக்கு முழுதும் ஈடாகார் என்றார். மறுபுறம், யூத மெய்யியலாளர் மைமோனிடிஸின் பதிமூன்று விசுவாசக் கொள்கைகளில் தெரிவு இடம்பெறவே இல்லை. மதம் மாறி வந்த ஒபதியா, ‘எங்கள் முன்னோரின் தேவன்’ என்று தானும் ஜெபிக்கலாமா என மைமோனிடிஸிடம் கேட்டெழுதினார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம், தன் வழியில் நடப்போர் அனைவருக்கும் ஆபிரகாமே தகப்பன் என்று மைமோனிடிஸ் எழுதிய பதில்தான் இம்மரபின் மிகப் பெருந்தன்மையான பக்கம்.

1670இல் மெய்யியலாளர் ஸ்பினோசா, தெரிவு என்பது பண்டைய அரசின் உலகியல் நல்வாழ்வே, அது அந்த அரசோடு முடிந்தது என்றார். அமெரிக்க ரபி மொர்தெகாய் கப்லான் இக்கருத்தை வழிபாட்டிலிருந்தே நீக்கி 1945இல் ஜெபநூல் வெளியிட்டார். நியூயார்க்கில் வைதீக ரபிகள் கூடி அவரை விலக்கிவைத்தனர், அந்த நூலும் எரிக்கப்பட்டது. பெரும்பாலான ஜெப ஆலயங்களில் இன்றும், தோராச் சுருள் வாசிப்புக்கு அழைக்கப்படுபவர், தங்களைத் தெரிந்துகொண்டு தோராவைத் தந்தவருக்கு நன்றி சொன்ன பிறகே வாசிப்பு தொடங்குகிறது.