எட்டுக்கால் சில்லும் பெயர் சொல்லாத எஞ்சினியரும்

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், தனிமைக்குத் துணையாக ஒரு மலிவு 'டேக்' பெட்டியும் ஹெட்ஃபோனும் வாங்கினேன். பிடித்தது பைத்தியம்!

1982ல் வந்த சிடியில் இருப்பது வெறும் எண்கள்; சேனலுக்கு நொடிக்கு 44,100. அவற்றை மறுபடி மின்னலையாக்குவதுதான் டேக் சில்லின் வேலை. அடுத்து வரும் ஓப்-ஆம்ப் பெரும்பாலும் ஒரே அமைப்பில் எட்டுக் கால் கொண்டது. சாக்கெட்டில் இருந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். என்இ5532ஐ எடுத்துவிட்டு ஓபிஏ2134 போட்டால் 'திரை விலகியது போல' என்பார்கள். நானும் சொல்லித் திரிந்தேன்.

2011ல் 'என்டபிள்யூஏவிகை' என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. காதை நம்பாதே, அளந்து பார் என்றார். வேகமான சில்லைப் பொருந்தாத சர்க்கியூட்டில் போட்டால் ஆசிலேட் ஆகிக் கெடுதலே மிஞ்சும் என்று விளக்கினார். தன் ஓ2 ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தை இலவசமாகவே கொடுத்தார். அதில் ஹெட்ஃபோனை ஓட்டுவது மலிவான என்ஜேஎம்4556! (எங்கள் கூட்டத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்?) 2012ல் ஓடேக் வந்தது. அதே வருடம் ஆள் மாயம்.

வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா பாஸ் பண்ணாதவன் நான். காதிடம் மட்டும் வவுச்சர் கேட்டதில்லை. போன ஞாயிறு மகளிடம் சொல்லி, எது இருக்கிறதென்று தெரியாமல் சில்லை மாற்றிப் போடச் சொல்லிப் பத்து முறை கேட்டேன். சரியாகச் சொன்னது ஐந்து. "பூவா தலையா போட்டிருக்கலாம்பா" என்றாள்.

பழைய சில்லு இடத்துக்குத் திரும்பிவிட்டது. மற்ற மூன்றும் டிராயரில் கிடக்கின்றன, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.