கணினி முகவரிப் பரப்பும் அதன் எல்லைகளும்

கணினியின் நினைவகத்திலுள்ள ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அவ்வறையின் முகவரி. முகவரிக்கு ஒதுக்கப்படும் துவித இலக்கங்களுள் ஒன்று கூடினும் சுட்டத்தக்க அறைகள் இருமடங்காகும். இலக்கங்கள் 64 ஆயின் அறைகளின் தொகை 18,446,744,073,709,551,616. சதுரங்கக் கட்டந்தோறும் தானியத்தை இரட்டித்து வைத்த பழங்கதையின் மொத்தத் தானியங்களினும் இஃது ஒன்றே கூடியது. விநாடிக்கு நூறு கோடி அறைகளைத் தொடவல்ல பொறிக்கும் இவற்றைத் தொட்டு முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் செல்லும்.

அங்ஙனமாயின் முகவரிப் பஞ்சம் ஒழிந்ததோ? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1962இல் மன்செஸ்ரரில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணினியின் உள்ளக நினைவகம் 16,384 சொற்களே கொண்டது. ரொம் கில்பேண் குழுவினர் அதனையும் காந்த உருளையையும் பக்கங்களாகப் பகுத்து, ஒரே நினைவகம்போலத் தோன்றச் செய்தனர். முகவரி வேறு, பொருள் உறையும் இடம் வேறு என்னும் நிலை இவ்வாறு பிறந்தது.

1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் பதிவகம் 32 இலக்கங்கொண்டது. முகவரிக்குப் பயன்பட்டவையோ 24. அதனால் 16 மெகாபைற்றே எல்லை. அக்காலத்தில் அது பெருஞ்செல்வமே. பொறி பொருட்படுத்தாத மேல் எட்டு இலக்கங்களைச் செய்நிரலாளர் வெற்றுநிலமாகக் கருதித் தத்தம் குறிப்புக்களை அங்கே எழுதிவைத்தனர். பின்னர் முகவரியை 31 இலக்கங்களாக விரித்தபோது, அக்குறிப்புக்களே தடையாய் நின்றன. பழைய செய்நிரல்களின் பொருட்டு 24 இலக்க முறையையும் உடன்பேண வேண்டியதாயிற்று. 1984இல் வந்த மக்கின்ரொஷ் கணினியிலும் இதே பிழை மீள நிகழ்ந்தமை வியப்புக்குரியது.

ஏ.எம்.டி. நிறுவனத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர் என்றே கொள்ளலாம். 2003இல் வெளிவந்த அவர்தம் 64 இலக்க முறைவழியாக்கியில் முகவரிக்கு உண்மையிற் பயன்பட்டவை 48 இலக்கங்களே. எஞ்சிய 16 இலக்கங்களும் 48ஆம் இலக்கத்தின் படியாகவே அமைதல் வேண்டும். பிறிதொன்றை எழுதிய முகவரியைப் பொறி ஏற்காது.

64 இலக்கங்களையும் ஏன் திறந்துவிடலாகாது? பக்கம் ஒவ்வொன்றும் உறையும் இடத்தைக் காட்டும் அட்டவணை வேண்டுமன்றோ! 4 கிலோபைற்றுப் பக்கங்களும் 8 பைற்றுப் பதிவுகளுமாக, 64 இலக்கப் பரப்பு முழுமைக்கும் ஒரே அட்டவணை எழுதின் அதுவே 32 பெற்றாபைற்றாகும். ஆதலின் அட்டவணையைப் படிநிலைகளாக அடுக்கித் தேவையான கிளைகளை மட்டும் ஆக்குவர். 48 இலக்கங்களுக்கு நான்கு படிகள் போதும். 57 இலக்கங்களுக்கு ஐந்தாவது படி வேண்டும். கூடிய படி ஒவ்வொன்றும், மொழிபெயர்ப்பு முன்னரே சேமிக்கப்படாதவிடத்து, நினைவகத்தை மேலுமொருமுறை நாடச்செய்யும்.