பொது அறிவுப் புத்தகத்தில் இல்லாத பசிபிக்

பசிபிக் சமுத்திரத்தின் மிக ஆழமான இடம் எது? மரியானா ஆழி. போட்டிப் பரீட்சைக்குப் படித்த எவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் விடை இது. எங்கள் பொது அறிவுப் புத்தகங்களில் பசிபிக் என்றால் ஆழம், பரப்பு, தலைநகரங்கள் என்பதோடு சரி. ஆனால் வடக்கு கிழக்கிலிருந்து படகேறிய பலரின் வீடுகளுக்கு அந்தச் சமுத்திரம் தடுப்பு முகாம்களின் பெயர்களாகத்தான் வந்து சேர்ந்தது. அப்படிப் போனவர்களில், போருக்கும் பயந்து, தாம் யாரை விரும்புகிறோம் என்பது வெளியில் தெரிந்துவிடும் என்றும் பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தீவின் பெயரோடு அங்கே நடைமுறையில் உள்ள சட்டமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. கீழே உள்ள வினாக்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்பவை.

கிறிஸ்மஸ் தீவு பசிபிக்கிலா இருக்கிறது?

இரண்டு கிறிஸ்மஸ் தீவுகள் உண்டு. எங்கள் படகுகள் போய்ச் சேர்ந்தது இந்து சமுத்திரத்தில், ஜாவாவுக்குத் தெற்கே உள்ள அவுஸ்திரேலியத் தீவுக்கு. மற்றையது நடுப் பசிபிக்கில், கிரிபட்டி நாட்டைச் சேர்ந்தது. 1957 முதல் 1962 வரை பிரித்தானியாவும் பிறகு அமெரிக்காவும் அணுகுண்டுச் சோதனை நடத்திய இடம் அது. பூமியின் நான்கு அரைக்கோளங்களிலும் நிலம் உள்ள ஒரே நாடு கிரிபட்டி. ஒருபாலின உறவை இன்னமும் குற்றமாக வைத்திருக்கும் நாடுகளிலும் அது ஒன்று.

நவுறு எவ்வளவு பெரியது?

21 சதுர கிலோமீற்றர். எங்கள் நெடுந்தீவில் பாதிகூட இல்லை. ஆனாலும் அது ஐக்கிய நாடுகள் சபையில் ஆசனமுள்ள தனி நாடு. பொஸ்பேற்று வெட்டி எடுக்கப்பட்டு நடுப்பகுதி கற்பாழாகிப்போன தீவு. 2001இல் அவுஸ்திரேலியா அங்கே முகாம் அமைத்தது, பின்னர் மூடியது, 2012இல் மீண்டும் திறந்தது. 2014இல் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களை அவுஸ்திரேலிய சுங்கக் கப்பலொன்றில் ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்து, கடைசியில் கொண்டுபோனதும் இங்கேதான். அவர்களில் 50 பேர் சிறுவர்கள். அப்போது நவுறுவில் ஒருபாலின உறவு குற்றம். 2016 மே மாதம் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது அந்தக் குற்றம் நீங்கியது. தற்கொலை முயற்சியும் அதே சட்டத்தோடு குற்றமில்லை என்றானது.

மனுஸ் தீவு எந்த நாட்டுக்குரியது, அங்கே எந்தச் சட்டம்?

பப்புவா நியூகினிக்குரியது. 2012 முதல் 2017 ஒக்டோபர் 31 வரை அங்கே இயங்கிய அவுஸ்திரேலிய முகாமில், 2013 நடுப்பகுதிக்குப் பிறகு வளர்ந்த ஆண்கள் மட்டுமே வைக்கப்பட்டார்கள். ஈழத்தமிழரும் அதில் இருந்தார்கள். பப்புவா நியூகினியின் குற்றவியல் சட்டம் 210ஆம் பிரிவின் கீழ் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 14 ஆண்டு வரை சிறை. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1899இல் இயற்றிய சட்டக்கோவையிலிருந்து. குயின்ஸ்லாந்து தன்னுடைய பிரிவை 1990இல் நீக்கிவிட்டது. பெற்ற பிள்ளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. 2003இல் அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம், இரண்டு பங்களாதேஷ் ஆண்கள் தொடர்பான வழக்கில், ‘ஊருக்குத் திரும்பிப் போய் வெளியே தெரியாமல் வாழுங்கள்’ என்று ஓர் அகதியிடம் எதிர்பார்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதே அவுஸ்திரேலியா, வெளியே தெரிந்தால் சிறைக்குப் போக வேண்டிய தீவுக்கு ஆட்களை அனுப்பியது. அங்கே தடுத்துவைக்கப்பட்டவர்கள் இந்தச் சட்டம் பற்றி எச்சரிக்கப்பட்டதையும், அதனால் பாலியல் நோக்குநிலை சார்ந்த அடைக்கலக் காரணத்தையே சொல்ல முடியாமல் போகும் நிலையையும் சர்வதேச மன்னிப்புச் சபை 2013 டிசம்பர் அறிக்கையில் பதிவு செய்தது. ஒருவர் ‘நான் ஏன் ஓடினேன்’ என்று உண்மையைச் சொன்னால் அதுவே அவருக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும். ஷெல்லடியையும் தடுப்புக்காவலையும் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது. எதிரில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவரும் நம்மவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மனுஸை உலகுக்கு அறிமுகம் செய்த அமெரிக்க மானிடவியலாளர் யார்?

மார்கிரட் மீட். 1928இல் அங்கே போய், பெரே என்ற கிராமத்துப் பிள்ளைகள் வளரும் விதத்தைப் பற்றிப் பிறகு புத்தகம் எழுதினார். தன் ஆசிரியையும் சக ஆய்வாளருமான ரூத் பெனடிக்டுடன் அவருக்குக் காதல் உறவு இருந்தது என்பதை மகள் 1984இல் எழுதிய நினைவுநூல் வெளிப்படுத்தியது. மீட் 1978இல் இறந்துவிட்டிருந்தார்.

2011 டிசம்பர் 30 எந்த நாட்டில் விடியவே இல்லை?

சமோவாவில். சர்வதேசத் திகதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியதால் அந்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய கலண்டரில் இல்லை. ‘ஃபாஅஃபஃபீனே’ என்ற சொல்லும் அந்த மண்ணுக்குரியது. ஆணாகப் பிறந்து ‘பெண்ணின் முறையில்’ வாழ்பவரைக் குறிக்கும். தொங்காவிலும் ஹவாயிலும் தகித்தியிலும் இதற்குக் கிட்டத்தட்டச் சமமான சொற்கள் உண்டு. எதையும் எங்கள் ‘திருநங்கை’யோடு அப்படியே சமன் செய்துவிட முடியாது. சமோவாவின் ஃபாஅஃபஃபீனே சங்கத்துக்கு நாட்டின் பிரதமரே புரவலராக இருந்தார். ஆனாலும் ஆண் பெண்ணாக வேடமிடுவது சட்டப் புத்தகத்தில் குற்றமாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம்தான் அதை அகற்றியது. ஆண்களுக்கிடையிலான உறவு பற்றிய பிரிவு அதற்குப் பிறகும் எஞ்சியது.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஞாபகம் வந்தது. ‘ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல்’ என்பது அதன் பொருள். மோசடிக்காரருக்கென்று எழுதப்பட்ட பிரிவு அது. இலங்கையில் அதையும் 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் வைத்துத் திருநங்கைகளைப் பொலிஸார் பிடித்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

பக்கத்தில் உள்ள அமெரிக்க சமோவா வேறு ஆட்சிப் பகுதி. 2001இல் அவுஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்ற உதைபந்தாட்ட அணி அவர்களுடையது. பத்து ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில், தொங்காவை 2–1 என்று வென்றார்கள். அன்று தடுப்பு வரிசையில் ஆடியவர் ஜையா சேலுவா. உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் விளையாடிய, வெளிப்படையாக அறியப்பட்ட முதல் திருநர் அவர்.

பசிபிக்கில் தமிழ் வேரோடு உள்ள நாடு எது?

பிஜி. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். மதராஸிலிருந்து கப்பல்கள் போனது 1903இலிருந்து. 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்னும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. பாலியல் நோக்குநிலை அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிய இரண்டாவது நாடு பிஜி, 1997இல். முதலாவது தென்னாபிரிக்கா. எழுதியதோடு வேலை முடியவில்லை. 2005இல் ஒரு பிஜிக்காரருக்கும் ஓர் அவுஸ்திரேலியப் பயணிக்கும் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அரசியலமைப்பைக் காட்டி மேல் நீதிமன்றம் அதை அதே ஆண்டு ரத்துச் செய்தது. பழைய பிரிவுகள் முழுதாகப் போனது 2010இல்.

சன் சீ கப்பல் பசிபிக்கைக் கடந்து எங்கே போய்ச் சேர்ந்தது?

2010 ஓகஸ்ட் 13, கனடாவின் வன்கூவர் தீவில் உள்ள எஸ்குவைமோல்ட். 492 பேர். அதற்கு முதல் வருடம் ஓசன் லேடியில் 76 ஆண்கள். கனடாவின் அகதிச் சட்டத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ‘வார்ட்’ தீர்ப்பு 1993இல் வந்தது. வார்ட் என்பவர் அயர்லாந்தின் ஆயுத இயக்கமொன்றில் இருந்து, பணயக் கைதிகளைத் தப்பவிட்டதற்காக இயக்கமே தேட, ஓடிவந்தவர். அவருடைய வழக்கில்தான், துன்புறுத்துவது அரசாகவே இருக்க வேண்டியதில்லை என்றும், பாலியல் நோக்குநிலையும் அகதி அந்தஸ்துக்குரிய ‘குறிப்பிட்ட சமூகக் குழு’வுக்குள் அடங்கும் என்றும் உயர் நீதிமன்றம் சொன்னது.

1983 வன்முறைக்குப் பிறகு கனடா போன கொழும்புக் குடும்பமொன்றின் மகன் ஷியாம் செல்வதுரை. தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1994இல் வந்த ‘ஃபன்னி போய்’ நாவலில் பையனின் தன்பாலீர்ப்பும் ஜூலைக் கலவரமும் ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன. 2020இல் தீபா மேத்தா அதைப் படமாக்கியபோது, தமிழ் நடிகர்கள் போதாமையும் படத்தில் பேசப்பட்ட தமிழும் புலம்பெயர்ந்தோரிடையே கடும் கண்டனத்துக்கு உள்ளாகின. கண்டனம் நியாயமானதுதான். ஆனால் நாவலை வாசித்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

கடைசி வினா: பப்புவா நியூகினி, சொலமன் தீவுகள், கிரிபட்டி, துவாலு, சமோவா, தொங்கா ஆகிய ஆறு பசிபிக் நாடுகளோடு இந்தச் சட்டத்தில் ஒத்துப்போகும் தெற்காசியத் தீவு எது?

குக் தீவுகள் 2023இல் இந்தப் பட்டியலிலிருந்து வெளியேறின. இலங்கை வெளியேறவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை, 365அ இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. 1995இல் திருத்தம் வந்தபோது நீக்கவில்லை; ‘ஆண்’ என்ற சொல்லை ‘ஆள்’ ஆக்கிப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது சமவாயத்தை மீறுவது என்று பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. குழு 2022இல் முடிவு செய்தது. முறையிட்டவர் றொசானா ஃபிளேமர் கல்டேரா. பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் அறிவித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அந்தச் சட்டமூலமும் காலாவதியானது.

திருநர்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்த பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம். சான்றிதழுக்கு மனநல மருத்துவரிடமிருந்து தொடங்க வேண்டும்.