கைமாறிய பொறிகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை அறியாத தமிழர் இலர். அத்துறைமுகத்தை அடுத்த சீனன்குடாப் பகுதியிலே, மரஞ்செடிகளுக்கிடையே, பெரிய பெரிய எண்ணெய்க் குதங்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், தங்கள் போர்க்கப்பல்களுக்கு வேண்டிய எண்ணெயைச் சேமித்து வைக்கும் பொருட்டு ஆங்கிலேயர் அமைத்தவை அவை. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று அழிந்தது. இன்று எஞ்சி நிற்பவை 99.

1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் ஆங்கிலேயர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். பின்னர் குதங்களும் நாட்டின் உடைமையாயின. எனினும் கைமாறியவை அனைத்தும் பயன்பட்டனவோ எனின், இல்லை. கீழ்த்தொகுதியிலுள்ள சில குதங்கள் 2003 முதல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையினரால் இயக்கப்பட்டு வந்தன. மேற்றொகுதியிலுள்ளவையோ பல ஆண்டுகள் காட்டினுள்ளே துருவேறிக் கிடந்தன. 2022 ஆம் ஆண்டிலேதான் அவற்றையும் சீர்செய்து பயன்கொள்வதற்கு உடன்படிக்கை செய்யப்பட்டது. இரண்டு தொகுதிகளையும் கட்டியவர் ஒருவரே. பேணுவோர் இருந்தவிடத்தில் குதம் உழைத்தது. இல்லாதவிடத்தில் கொடி படர்ந்தது.

இவ்வுண்மை எண்ணெய்க் குதங்களோடு நின்றுவிடுவதன்று. பிறர் பயன்படுத்திக் கைமாற்றித் தரும் பொறி எதுவாயினும் அதற்கு இது பொருந்தும். செல்வ நாடுகளின் அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற கணினிகளைச் செப்பனிட்டு, வளர்முக நாடுகளின் பள்ளிகளுக்கும் சமூக நிலையங்களுக்கும் அனுப்பும் அறப்பணி 1990களின் பிற்பகுதியில் அமைப்பு முறையாக வளரத் தொடங்கியது. இலண்டனிலே ‘கொம்பியூட்டர் எய்ட் இன்ரர்நஷனல்’ என்னும் நிறுவனமும், அமெரிக்காவிலே 1999 இல் ‘வேர்ல்ட் கொம்பியூட்டர் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் நிறுவனமும் இப்பணிக்கென்றே தோன்றின. பழைய உரிமையாளரின் தகவல்களை முற்றாக அழித்து, உறுப்புகளைச் சோதித்து, பழுதானவற்றை மாற்றிய பின்னரே கணினிகளைக் கப்பலேற்றுதல் இத்தகைய நிறுவனங்களின் முறை.

‘தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்பது நம்மவர் பழமொழி. மாட்டுக்கு அது பொருந்தலாம். பொறிக்குப் பொருந்தாது என்பதை ஈழத்து வரலாறே காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் பள்ளிகள் நிறுவி வந்த காலம். நூல்கள் அச்சிடுவதற்கென அச்சுப்பொறியொன்றை அமெரிக்காவிலிருந்து தருவித்தனர். அதனை இயக்குவதற்கு ஜேம்ஸ் கறெற் என்னும் அச்சாளர் 1820 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அந்நாளில் ஆட்சி செலுத்திய எட்வேட் பார்ன்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதி மறுத்து, மூன்று மாதங்களுள் நாட்டைவிட்டு நீங்குமாறு பணித்தார். கறெற் பம்பாய்க்குச் சென்று அங்குள்ள மிசன் அச்சகத்திலே தொழில் புரிந்தார். அச்சுப்பொறியோ, அதனை வரவழைத்தவர்களுக்கு உதவாமல், நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபை மிசனின் கைக்கு மாறியது. 1834 இல்தான் அமெரிக்க மிசன் மானிப்பாயிலே தனக்கென ஓர் அச்சகத்தைப் பெற்றது. 1841 இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று தாமே அச்சுப்பொறி வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பொறி வந்த நாள் வேறு. அது மக்களுடையதாகிய நாள் வேறு. இரண்டிற்கும் இடையே சென்றவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

கணினிக்கும் இதே கதைதான். கணினியை இயக்கவும் திருத்தவும் அறிந்த ஆள் வேண்டும் என்பது முதலாவது. அமெரிக்க நாட்டு மின்னழுத்தம் ஏறத்தாழ 120 வோல்ட். இலங்கையிலோ 230 வோல்ட். பழைய கணினிகள் பலவற்றின் பின்புறத்தில் இதற்கென ஒரு சிறு விசை உண்டு. அதனை மாற்றி வைக்காமல் மின்னிணைப்புக் கொடுத்தால், கடல் கடந்து வந்த நன்கொடை ஒரு நொடியிற் புகைந்துவிடும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. அது செயலிழந்தால் மின்சாரம் நிற்குந்தோறும் கணினி நாளையும் நேரத்தையும் மறந்துவிடும். அதனை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அறியாதவருக்கோ கணினி முழுவதும் பழுதானதாகத் தோன்றும். திருகோணமலை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் இணைப்புகளை அரித்துவிடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இரண்டாவது, கணினி நம் மொழியை அறிதல் வேண்டும். உலகப் பொதுக் குறிமுறையாகிய யூனிக்கோடில் தமிழ் 1991 இல் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பின்னரே அவ்வகைக் கணினிகள் அதனைத் தாமாகக் கையாண்டன. அதற்கு முந்திய கணினிகளில் ஈழத்தவர் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டே தட்டெழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அரிதின் எழுதிய தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். இலங்கையில் தமிழ் எழுத்துக் குறிமுறைக்கும் விசைப்பலகைக்கும் உரிய தேசியத் தரம் 2008 இல் வகுக்கப்பட்டது. தமிழறியாத கணினியை ஒரு தமிழ்ப் பாடசாலைக்குத் தருவது, ஊமையை ஆசிரியராக அமர்த்துவதை ஒக்கும். இவ்வகையில் திருகோணமலைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. 1920களில் அந்நகரின் இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தரே, 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அறிவியல் பிறர் நாட்டிலிருந்து வரினும் அதன் சொல் நம் நாவில் இருத்தல் வேண்டும் என்பது அவர் போன்றோர் கொள்கை.

மூன்றாவது, கணினியின் முடிவையும் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஈயமும், பிற்காலத் தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் பாதரசமும் உண்டு. 2022 ஆம் ஆண்டில் உலகம் ஒதுக்கிய மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்கு அளவே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. நன்கொடை என்னும் பெயரால் குப்பை கப்பலேறுவதும் உண்டு. அதனைத் தடுப்பதற்கு எழுந்த பாசல் உடன்படிக்கை 1989 இல் நிறைவேறியது. இலங்கை 1992 இல் அதிற் சேர்ந்தது. 2025 சனவரி முதலாம் நாள் தொடக்கம், மின்கழிவு எவ்வகையினதாயினும் பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி அனுப்புதல் ஆகாது என்று விதி இறுக்கப்பட்டுள்ளது. ஆகவே, சோதித்துச் செப்பனிட்ட கணினியே நன்கொடை. சோதியாது அனுப்பியது பிறர் வாசலிற் கொட்டிய குப்பை.

இவ்வளவு நிபந்தனைகள் உளவெனில், பழைய கணினியே வேண்டாம் என்று மறுத்துவிடலாமே என்று சிலர் கேட்பர். அது பொருந்தாது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்தின் கரையோர ஊர்களைச் சிதைத்தது. போரோ 2009 வரை நீடித்தது. 2005 முதல் அரசு ‘நெனசல’ என்னும் அறிவு நிலையங்களை நாடெங்கும் திறந்தது இத்தேவையை உணர்ந்தேயாகும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில், 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் 360 ரூபா வரை ஏறியது. புதிய கணினி எளிய குடும்பங்களுக்கு எட்டாக்கனி ஆயிற்று. மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ படிக்கும் பிள்ளைக்கு, பிறர் பயன்படுத்தியதாயினும் ஒழுங்காக இயங்கும் கணினி பேருதவியே. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு நிறுத்தப்பட்டதால், உறுதியாக உழைக்கும் கணினிகள் பல மேலைநாடுகளில் ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயங்குதளத்தை அமைத்தால் அவற்றுள் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும், தமிழும் எழுதும்.

எனவே, ஈவோரும் ஏற்போரும் கணினி கப்பலேறுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெளிதல் நன்று. இதனை இயக்கக் கற்பிப்பவர் யார்? பழுதானால் திருத்துபவர் யார்? இதில் தமிழ் எழுத இயலுமா? உழைத்து ஓய்ந்தபின் இதனை ஏற்பவர் யார்? இவற்றைக் கேட்பது நன்றி மறந்த செயலாகாது. கேளாது ஏற்ற பொருள் என்னவாகும் என்பதைச் சீனன்குடாக் காட்டினுள்ளே பல்லாண்டு துருவேறி நின்ற குதங்கள் காட்டின.